ஆறு வரி

காலை நாலு நாற்பதுக்குச் சாவியைத் திருகினால்
என் வேன் முதலில் அழும்,
பிறகுதான் ஓடும்.
மைனஸ் இருபத்திரண்டில் ஒரு ரப்பர் அழுகிற அழுகை
மெல்ஃபோர்ட்டில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்.
யாரும் ஒன்றும் சொன்னதில்லை.
சஸ்காச்சுவன் குளிரில்
எல்லாரிடமும் ஏதோ ஒன்று கிறீச்சிடத்தான் செய்கிறது.

சனிக்கிழமை. கராஜ் என்று பேர்.
பழைய ஃப்ரீசர், பனி தள்ளும் இயந்திரம்,
மகனின் ஹாக்கி மூட்டை போக
வேனின் மூக்குக்கு மட்டும் இடம்.
பின்பாதி வெளியே நிற்கிறது.
பாதி இறங்கிய கதவின் இடைவெளியில்
ஒரு போர்வையைத் திணித்துவைத்தேன்.

பானெட்டைத் தூக்கினால்
எள் விழ இடமில்லை,
விழுந்தாலும் எண்ணெயாகித்தான் விழும்.
என்ஜினைக் குறுக்கே படுக்கவைத்துவிட்டு
சுவரை அப்புறம் எழுப்பியிருப்பார்கள் போல.
கப்பிக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு விரல் அகலம்.
அதுவும் என் விரல் இல்லை,
குளிரே காணாத யாரோ ஒருவரின்
காகிதத்து விரல்.

வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி
சேறு தடுக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றி
(கிளிப்புகளில் உடைந்தவை மூன்று, தொலைந்தது ஒன்று)
அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டு
மல்லாந்து படுத்தேன்.

டென்ஷனர்.
மற்ற எல்லா இடத்திலும் டென்ஷன் ஒரு வியாதி,
இங்கே அதுதான் உத்தியோகம்.
அது கொஞ்சம் அசந்தால்
விளக்கு மங்கும், ஸ்டியரிங் கல்லாகும், தண்ணீர் கொதிக்கும்.
பதினைந்து மில்லிமீட்டர் சாக்கெட்,
நீளக் கம்பி, கம்பியின் நுனியில் என் முழங்கால்.
அமுக்கினேன். பழைய பட்டை நழுவி
என் கழுத்தில் விழுந்தது.
வெடிப்பு வெடிப்பாக, முதலைத் தோல்.

அவசரக்காரி நான்.
எந்த வழியாக ஓடியது என்று பார்க்காமலே
உருவிவிட்டிருந்தேன்.
பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த வரைபடத்தை
உப்பும் வருஷங்களும் தின்றிருந்தன.
மிச்சம் இரண்டு வட்டம், ஒரு அம்பு.
அம்பு காட்டிய இடத்தில் துரு.

கை உறைந்தது. கையை அக்குளில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.
புதுப் பட்டைக்கு இரண்டு பக்கம்:
ஆறு வரி ஓடும் முகம்,
மொழுக்கென்ற முதுகு.
வரி விழுந்த கப்பி வரியைத்தான் கேட்கும்,
மொட்டைக் கப்பிக்கு முதுகு போதும்.
அவ்வளவுதான் இலக்கணம்.
மீதியைக் கப்பிகளே சொல்லின,
தேய்ந்து பளபளத்த இடங்களை
டார்ச்சுக்குக் காட்டி.

முதல் தடவை மாட்டியபோது
ஐந்து வரி உட்கார்ந்தது, ஒரு வரி வெளியே தொங்கியது.
டார்ச் வாயில் இருந்ததால்
வந்த கெட்ட வார்த்தை எச்சிலாக வழிந்தது.
மறுபடி முழங்கால். மறுபடி கம்பி.
மறுபடி, எதையும் பார்க்காமல்,
நடுவிரலின் நகக்கண்ணால் எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து,
ஆறு.

ஒன்பது மணிக்குக் கிளப்பினேன்.
சத்தமில்லை.
ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கள் காலை எட்டரை.
முதியோர் இல்லச் சமையலறையில்
ஓட்ஸ் கஞ்சியில் கரண்டி நிற்க, போன்.
எதிர்வீட்டு டார்சி பெலேட்டியே. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
"லாரிஸா, இன்றைக்கு லீவா?"
"வேலையில்தான் இருக்கிறேனே."
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "உன் வேன் அழவில்லையே" என்றான்.
மூன்று குளிர்காலமாக அவன் அலாரம் வைத்ததில்லையாம்.
இன்று பதினோரு பிள்ளைகள்
பதினெட்டு நிமிஷம் பனியில் நின்றார்களாம்.
கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய். நாலு நாற்பது.
சாவி. மௌனம்.
அவன் ஜன்னல் இருட்டு.
ஹாரன்மேல் உள்ளங்கையை வைத்தேன், எடுத்தேன்,
தெருவில் தூங்குகிற மற்றவர்களை நினைத்தேன்,
திரும்ப வைத்தேன்.
அமுக்குவதற்குள் விளக்கு எரிந்தது.
கதவு திறந்து, பூட்ஸில் பாதிக் காலோடு
கையசைத்துக்கொண்டே போய்
தன் டிரக்கைக் கிளப்பினான்.

அது அழுதது.
எனக்குத் தெரிந்த அழுகை.
இத்தனை நாளும்
நான் போன பிறகு அழுதிருக்கிறது.

கண்ணாடியை இறக்கினேன்.
பதினைந்து மில்லிமீட்டர் சாக்கெட்
கோட்டுப் பையிலேயேதான் கிடந்தது.